பார்க்காத சிறுத்தையும் எண்ணப்பட்ட ஆடுகளும்

பீட்டர் மாத்திசனின் 'தி ஸ்னோ லெப்பர்ட்' (1978) பற்றி நண்பர்களிடம் பேச்செடுத்தால் பெரும்பாலும் ஒரே வரியில் முடிந்துவிடும். "கடைசிவரைக்கும் அவர் பனிச்சிறுத்தையைப் பார்க்கவே இல்லையாம். அதுதான் புத்தகமே!" சொல்பவர் முகத்தில் ஒரு ஞானப் புன்னகை இருக்கும். நானும் அப்படிச் சிரித்தவன்தான். இரண்டாம் முறை வாசித்தபோது அந்தச் சிரிப்பு வரவில்லை.

1973 செப்டம்பர் இறுதியில் நேபாளத்தின் போக்காராவிலிருந்து இருவர் நடக்கத் தொடங்குகிறார்கள். மாத்திசன் எழுத்தாளர், ஜென் பயில்பவர். முந்தைய ஆண்டுதான் மனைவி டெபோரா புற்றுநோயில் இறந்திருந்தார். எட்டு வயது மகனை அமெரிக்காவில் விட்டுவிட்டு வந்திருக்கிறார். இன்னொருவர் விலங்கியலாளர் ஜார்ஜ் ஷாலர். பாகிஸ்தானின் சித்ரால் மலைகளில் பனிச்சிறுத்தையை ஏற்கெனவே பார்த்துப் படமெடுத்தவர். 5,000 மீட்டருக்கும் உயரமான காங் கணவாயைத் தாண்டி, டோல்போவின் ஷே மடாலயத்துக்குப் போவது திட்டம். அங்கே ஷாலர் முதன்மையாகத் தேடிப்போனது சிறுத்தையை அல்ல, ஆட்டை.

பரல் என்ற அந்த ஆட்டை ஆங்கிலத்தில் 'நீலச் செம்மறி' என்கிறார்கள். உண்மையில் அது செம்மறியா, வெள்ளாடா? இதுதான் ஷாலரின் கேள்வி. இதுக்காகவா இவ்வளவு தூரம் என்று தோன்றலாம். ஆனால் கேள்வி சுவாரசியமானது. பரலுக்குத் தாடி கிடையாது, வெள்ளாட்டுக் கடாவின் வீச்சமும் கிடையாது. அந்த வகையில் செம்மறி. வாலின் அடிப்பக்கம் முடியில்லாமல் இருக்கிறது, முன்னங்கால்களில் கறுப்புக் கோடு இருக்கிறது. அந்த வகையில் வெள்ளாடு. செத்த ஆட்டை அளந்து மட்டும் தீர்க்க முடியாத கேள்வி என்பதால், இணைசேரும் பருவத்தில் கடாக்கள் எப்படி மோதுகின்றன, பெட்டைகளை எப்படி நெருங்குகின்றன என்று குளிரில் உட்கார்ந்து தொலைநோக்கியில் பார்க்க வேண்டும். ஷாலர் அதைச் செய்தார். செம்மறிச் சாயல்கள் கொண்ட வெள்ளாடுதான் என்ற முடிவுக்கும் வந்தார்.

இதே ஷாலர் டோல்போவுக்கு முன்பே தென்னிந்திய மலைகளில் நம் வரையாட்டையும் கவனித்து எழுதியவர். வெள்ளாட்டுக்கு நெருக்கமானது என்று கருதப்பட்ட வரையாடு, செம்மறிக்கே நெருக்கம் என்று 2005-இல் மரபணு ஆய்வு சொன்னது. தமிழில் நாம் எல்லாவற்றையும் 'ஆடு' என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறோம். அந்த ஒரு சொல்லுக்குள் எவ்வளவு கேள்விகள்!

என் கருத்து இதுதான். இந்தப் புத்தகத்தின் மிகச் சிறந்த பக்கங்கள் மாத்திசன் ஞானத்தைத் தேடும் பக்கங்கள் அல்ல. ஷாலரோடு சேர்ந்து அவரும் ஆடுகளை எண்ணும், சிறுத்தையின் விட்டையைப் பொறுக்கி அது எதைத் தின்றது என்று பார்க்கும் பக்கங்கள். நடைபாதையில் அவர் எழுதும் பௌத்த விளக்கங்கள் சில இடங்களில் கனத்துப்போகின்றன. ஷேக்கு வந்ததும் வாக்கியம் தரைக்கு இறங்குகிறது. எத்தனை கடா, எத்தனை குட்டி, ஓநாய் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று எழுதத் தொடங்குகிறார். வேடிக்கை என்னவென்றால், கறாரான ஷாலர் அந்தப் பயணத்தில் ஹைக்கூ எழுதத் தொடங்குகிறார். இரண்டு பேரும் ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றுக்கொள்கிறார்கள்.

ஆனால் ஒரு இடம் என்னை இன்னும் உறுத்துகிறது. ஷேயில் இருக்கும்போது வெளியுலகிலிருந்து தபால் வருகிறது. மாத்திசன் பிரிக்காமல் மூட்டைக்குள் வைத்துவிடுகிறார். இந்தக் கணத்தில் இருப்பதைச் செய்தி எதுவும் கலைத்துவிடக் கூடாதாம். முதல் வாசிப்பில் என்ன ஒரு துறவு என்று வியந்தேன். இரண்டாம் முறை, தாயை இழந்த ஒரு சின்னப் பையன் எங்கோ காத்திருக்கிறான் என்பது மட்டும்தான் மண்டையில் ஓடியது. நவம்பர் மாத நன்றித் திருநாளுக்குள் வீடு திரும்புவதாக இருந்தவர், அதற்குள் திரும்பவில்லை. இதையெல்லாம் மாத்திசன் மறைக்கவில்லை, அவரேதான் எழுதுகிறார். அந்த நேர்மை பெரியது. ஆனால் வாசகர்களாகிய நாம் அதை ஏன் இவ்வளவு எளிதாகத் தாண்டிப்போகிறோம்?

சுமைதூக்கி துக்தேனும் அப்படித்தான். மாத்திசன் அவரை ஒரு மறைஞானியாகவே ஆக்கிவிடுகிறார். பயண முடிவில் சந்திப்பதாகச் சொன்ன போதநாத்தில் துக்தேன் இல்லை. அது ஒரு மர்மம்போல எழுதப்பட்டிருக்கிறது. அவருக்கு வேறு வேலை இருந்திருக்கலாமே என்று எனக்குத் தோன்றியது. ஆட்டைப் பார்த்த அளவுக்கு அந்த மனிதரை மாத்திசன் பார்த்தாரா?

அதே பயணத்தை ஷாலரும் 'ஸ்டோன்ஸ் ஆஃப் சைலன்ஸ்' (1980) நூலில் எழுதியிருக்கிறார். மாத்திசன் அளவுக்கு அது வாசிக்கப்படவில்லை. இரண்டையும் பக்கத்தில் வைத்து வாசியுங்கள். மாத்திசன் மலையிறங்கிய பிறகும் ஷாலர் ஆடுகளோடு தங்கிவிடுகிறார், ஏனென்றால் கேள்வி இன்னும் முடியவில்லை.

நாமும் கேமரன் மலைக்குப் போய்வந்து 'பனி', 'மௌனம்' என்று எழுதுகிறோம். வழியில் தாண்டிய ஓடையில் என்ன மீன் இருந்தது, தண்ணீர் ஏன் கலங்கியிருந்தது என்று கேட்டால் பதில் இருக்காது. என்னிடமும் இல்லை. பார்க்காததைக் கொண்டாடும் உரிமை பொறுமையாகப் பார்த்தவருக்கே உண்டு. மாத்திசனுக்கு ஷேயில் கழித்த நாட்களால் அது கிடைத்தது. நமக்கு இன்னும் கிடைக்கவில்லை.