மேடைக்கு வெட்டிய பாட்டு

எங்கள் தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளையில் முதுமக்கள் தாழியில் கிடைத்த நெல்லுக்கு ஏறத்தாழ 3,200 வயது என்று 2021-இல் சட்டமன்றத்தில் அறிவித்தார்கள். அதன்பின் எங்கள் ஆத்தூர்ப் பக்கத்து மேடைகளில் சங்கப் பாட்டில் வரும் கொற்கை முத்து இல்லாமல் பேச்சு தொடங்குவதில்லை. "எப்படியோ பழைய பாட்டு இன்றைய வாழ்க்கைக்குள் வருகிறதே, அதையும் குறை சொல்லலாமா?" என்று கேட்கிறார்கள்.

வரட்டும், நல்லதுதான். ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் கொற்கையைப் பற்றிப் பிள்ளைகள் இன்று கேட்டுத் தெரிந்துகொள்கிறார்கள். ஆனால் எந்தப் பாட்டும் முழுதாக வருவதில்லை. யாரைப் பார்த்துச் சொன்னதோ, அவர்கள் கைக்கே போய்விடுகிறது.

2019 ஜூலையில் நிதிநிலை அறிக்கையின்போது நிர்மலா சீதாராமன் பிசிராந்தையாரின் புறநானூற்றுப் பாட்டைச் சொன்னார். நெல்லை அறுத்துக் கவளமாகக் கொடுத்தால் சிறு நிலமும் யானைக்குப் பல நாள் வரும். யானையே வயலில் புகுந்தால் தின்பதைவிட மிதிபடுவது அதிகம். வரி வாங்கும் பாண்டியன் அறிவுடைநம்பிக்கு, வரி கொடுக்கும் குடிகளுக்காகப் புலவர் சொன்ன எச்சரிக்கை அது. நாடாளுமன்றத்தில் அதைச் சொன்னதோ வரி விதிக்கும் அரசு. இடித்துரை தற்சான்றாகிவிட்டது. அதே செப்டம்பரில் ஐ.நா. பொதுச்சபையில் பிரதமர் மோடி கணியன் பூங்குன்றனாரின் "யாதும் ஊரே" பாட்டின் முதல் அடியைச் சொன்னார். பெரியோரைக் கண்டு வியக்க மாட்டோம், சிறியோரை இகழ்வது அதனினும் இல்லை என்று அந்தப் பாட்டு முடிவதை எந்த ஆட்சியாளர் வாயிலும் நான் கேட்டதில்லை.

திராவிட மேடையும் இப்படித்தான் வெட்டுகிறது. 1968-இல் மெரினாவில் வைத்த கண்ணகி சிலையை 2001-இல் அகற்றினார்கள், 2006-இல் திரும்ப வைத்தார்கள். இத்தனை அரசியலிலும் கொற்கையில் கண்ணகியின் பெயரால் நடந்ததை யாரும் எடுக்கவில்லை. கொற்கையிலிருந்த வெற்றிவேற் செழியன் அவளைச் சாந்தப்படுத்த ஆயிரம் பொற்கொல்லரைப் பலியிட்டான் என்கிறது சிலப்பதிகாரம். சிலம்பைக் களவாடிக் கோவலன்மேல் பழி போட்டவன் ஒரே ஒரு பொற்கொல்லன்தான். அதே தொழிலைச் செய்த ஆயிரம் பேர் அதற்காகச் செத்தார்கள்.

2018 மே மாதம் ஸ்டெர்லைட் ஆலைக்கு எதிரான போராட்டத்தில் நடந்த போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் 13 பேரைப் பறிகொடுத்த மாவட்டம் இது. அரசு தன் அமைதிக்காகக் குடிகளின் உயிரை எடுப்பதைப் பற்றிக் கொற்கையிடம் கேட்க நமக்கு நிறைய இருக்கிறது. நாமோ முத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருக்கிறோம். இந்த வட்டாரத்துப் பள்ளிகளில் கொற்கையைச் சொல்லித்தரும் ஆசிரியர்கள் அந்த ஆயிரம் பேரிலிருந்து தொடங்கட்டும். அது நீதியா என்று பிள்ளைகள் வாய்திறந்து கேட்கட்டும்.