தூக்கத்தில் வரும் வலிப்பு: மெத்தை சென்சார், கைப்பட்டை, கேமரா – எது எதைப் பிடிக்கிறது?

தூக்கத்தில் வலிப்பு வரும் பிள்ளை இருக்கிற வீட்டில் பெற்றவர்களுக்கு முழுத் தூக்கம் கிடையாது. பிள்ளை இருமினால் எழுந்து உட்காருவோம். சத்தமே இல்லாமல் படுத்திருந்தால் அதற்காகவும் எழுந்து மூச்சைப் பார்ப்போம். இந்தக் காவலில் ஒரு பங்கைத் தாங்கள் எடுத்துக்கொள்வதாகச் சொல்லி மூன்று வகைக் கருவிகள் விற்பனையில் இருக்கின்றன: மெத்தைக்கு அடியில் வைக்கும் சென்சார், கையில் கட்டும் பட்டை, இருட்டிலும் படம் பிடிக்கும் வைஃபை கேமரா. மூன்றையும் சில மாதங்களாக வீட்டில் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தோம். நாங்கள் வாங்கியவற்றின் நிறுவனப் பெயர்களை எழுதவில்லை. பார்த்த குறைகள் பெரும்பாலும் அந்தந்த வகைக்கே உரியவை. வேறு பெயரில் வாங்கினாலும் இருக்கும்.

மகளுக்கு எட்டு வயது. அவளுக்கு இருப்பது ரோலாண்டிக் வலிப்பு. 3 வயதிலிருந்து 14 வயதுக்குள் தொடங்கி, பதின்பருவம் முடிவதற்குள் பெரும்பாலும் தானாகவே நின்றுவிடும் வகை. கண்ணயர்ந்த கொஞ்ச நேரத்திலோ, விடியற்காலையில் விழிப்புத் தட்டுகிற நேரத்திலோ வரும். வாயின் ஒரு பக்கம் இழுக்கும், எச்சில் வழியும், தொண்டையில் களகளவென்று சத்தம் கேட்கும். நினைவு இருக்கும், ஆனால் பேச வராது. நம் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். பல நாள் அதோடு நின்றுவிடும். சில நாள் உடம்பு முழுக்கப் பரவிக் கைகால் வெட்டத் தொடங்கும்.

இவ்வளவு விவரமாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. இன்று கிடைக்கும் எச்சரிக்கைக் கருவிகள் ஏறக்குறைய எல்லாமே கைகால் வெட்டுகிற பெரிய வலிப்பைப் பிடிப்பதற்காகச் செய்யப்பட்டவை. வலிப்பு நோய்க்கான சர்வதேச அமைப்பான ஐ.எல்.ஏ.இ., நரம்பு மின்னியல் மருத்துவர்களின் சர்வதேசக் கூட்டமைப்போடு சேர்ந்து 2021இல் ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. உடலில் அணியும் கருவிகளைப் பெரிய வலிப்புக்குப் பயன்படுத்தலாம், முக்கியமாகப் பக்கத்தில் ஆள் இல்லாமல் தூங்குகிறவர்களுக்கு, என்பது அதன் கருத்து. மற்ற வகைகளுக்கு அது பரிந்துரைக்கவில்லை. ஆகவே கருவி வாங்கும்முன் உங்கள் பிள்ளைக்கு வரும் வலிப்பு எந்த வகை என்று மருத்துவரிடம் தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள். வாய் மட்டும் இழுக்கும் வலிப்புக்குக் கைப்பட்டை வாங்கினால் அந்தப் பணம் வீண்.

முதலில் மெத்தை சென்சார். சிலேட்டு அளவில் ஒரு தட்டையான பட்டை. மெத்தைக்கு அடியில், நெஞ்சு வரும் இடத்தில் வைக்க வேண்டும். அதிலிருந்து ஒயர் ஒரு சின்னப் பெட்டிக்குப் போகிறது. சீரான, வேகமான உதறல் நாம் குறித்து வைத்த நொடிகளுக்குமேல் தொடர்ந்தால் மணி அடிக்கும். வாங்கிய அன்று மெத்தையைக் கையால் உலுக்கிப் பார்த்தோம், அடித்தது. மகள் சும்மா புரண்டு படுத்தபோது அடிக்கவில்லை. அதுவரை திருப்திதான்.

சிக்கல் நாங்கள் படுக்கும் முறையில் இருந்தது. பிள்ளை தனியறையில், தனிக் கட்டிலில், தனியாகத் தூங்கும் வீட்டை மனத்தில் வைத்து இதைச் செய்திருக்கிறார்கள். எங்கள் மகள் அவளுடைய அப்பத்தா (என் மாமியார், நான் கூப்பிடுவது அத்தை என்று) பக்கத்தில்தான் படுப்பாள், இரண்டு பேருக்கும் ஒரே மெத்தை. அத்தை மூட்டுவலிக்காகக் காலை நீவிக்கொண்டால் மணி அடித்தது. இரவில் எழுந்து போய்வந்து படுத்தால் அடித்தது. பெட்டியிலுள்ள திருகைத் திருப்பி உணர்திறனைக் குறைத்தால், மகளின் அசைவும் சேர்ந்து குறைந்து தெரிந்தது. கடைசியில் தரையில் அத்தையின் மெத்தைக்குப் பக்கத்தில் அவளுக்கென்று ஒற்றை மெத்தை போட்டோம், நடுவில் ஒரு சாண் இடைவெளி விட்டு. அதன்பிறகு பொய்மணி வெகுவாகக் குறைந்தது. தென்னை நார் மெத்தை அசைவை நன்றாகக் கடத்துகிறது. தடிமனான இலவம்பஞ்சு மெத்தையில் பாதி அமுங்கிவிடுகிறது. பாயில் படுக்கும் பிள்ளைக்கு இது சரிப்படாது.

இதன் பெரிய பலம், இண்டர்நெட் தேவையில்லை என்பது. சென்சாரும் மணியும் ஒயரில் இணைந்தவை, உள்ளே பேட்டரியும் இருக்கிறது. சித்திரை மாதத்தில் நள்ளிரவு கரண்ட் போனபோதும் அது பாட்டுக்கு விழித்திருந்தது. பெரிய வலிப்பு வந்த இரவுகளில் நாங்கள் ஓடி வருவதற்குள் அடித்திருக்கிறது. வாய் மட்டும் இழுத்த இரவுகளில் அடிக்கவே இல்லை. மெத்தை அசையாதபோது அதற்கு எப்படித் தெரியும்?

கைப்பட்டைகளுக்குப் பின்னால் நல்ல ஆராய்ச்சி இருக்கிறது. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பேராசிரியர் ரோசலிண்ட் பிக்கார்டின் குழு, உணர்ச்சிகளை அளப்பதற்காகத் தோலின் வியர்வை மாற்றத்தைப் பதிவு செய்துகொண்டிருந்தது. வலிப்பின்போது அந்த அளவு சட்டென்று எகிறுவதைக் கண்டார்கள். அந்தப் பாதையில் வந்த எம்பாட்டிகா நிறுவனத்தின் ‘எம்ப்ரேஸ்’ பட்டைக்கு 2018இல் அமெரிக்க எஃப்.டி.ஏ. அனுமதி கிடைத்தது, அடுத்த ஆண்டு 6 வயது முதலான குழந்தைகளுக்கும் அது விரிந்தது. நெதர்லாந்தில் உருவான ‘நைட்வாட்ச்’ மேல்கையில் கட்டுவது; இதயத் துடிப்பையும் அசைவையும் சேர்த்துப் பார்க்கிறது. தூங்கும்போது மட்டும் கட்டினால் போதும் என்பதால் பிள்ளைகளுக்கு அது பொருத்தமான யோசனை.

நாங்கள் வைத்துப் பார்த்தது மணிக்கட்டில் கட்டும் ஒரு பட்டை. கைகால் வெட்டும் வலிப்பை ஒருமுறை சரியாகப் பிடித்தது. ஆனால் காலையில் அதைக் கழற்ற மறந்து பல் துலக்கினாலும் வலிப்பு என்று சொன்னது. கைதட்டி விளையாடினாலும் சொன்னது. சீரான வேகத்தில் கை ஆடினால் அதற்கு எல்லாம் ஒன்றுதான். வெயில் காலத்தில் பட்டைக்கு அடியில் வேர்த்து, தோல் சிவந்துபோனது. “கை நசநசங்குதும்மா, வேணாம்மா” என்று அவளே கழற்றித் தலையணைக்குக் கீழே வைத்துவிடுவாள். பிள்ளையின் கையில் இல்லாத பட்டையால் என்ன பயன்? போதாததற்கு மாதாமாதம் சந்தா வேறு. கல்லூரி விடுதியில் தனியறையில் தங்கும் பிள்ளைக்கு இது உண்மையிலேயே உதவும். எட்டு வயதுக் குழந்தைக்கு, நாங்கள் எல்லோரும் கூப்பிடு தூரத்தில் படுத்திருக்கும் வீட்டில், தேவைப்படவில்லை.

இனி கேமரா. மூன்றிலும் விலை குறைந்தது இதுதான், சில ஆயிரம் ரூபாய். வலிப்பைப் பற்றி இதற்கு ஒன்றும் தெரியாது. ஆனாலும் எங்களுக்கு அதிகம் பயன்பட்டது இது.

முதல் இரவில் படம் முழுக்க ஒரே வெள்ளைப் படலம். காரணம் கொசுவலை. கேமராவின் அகச்சிவப்பு ஒளி வலையில் பட்டுத் திரும்பி லென்ஸுக்கே வருகிறது. வலைக்குள் இருப்பது மறைந்துபோகிறது. மின்விசிறிக் காற்றில் வலை ஆட ஆட, ‘அசைவு தெரிகிறது’ என்று நிமிடத்துக்கொரு செய்தி போனுக்கு வந்தது. கேமராவை வலைக்கு உள்ளே, தலைமாட்டில் சற்று உயரத்தில் கட்டிய பிறகு முகம் பளிச்சென்று தெரிந்தது. வலைக்குள் வைக்க வழியில்லாதவர்கள் அகச்சிவப்பு விளக்கை அணைத்துவிட்டு ஒரு ஜீரோ வாட் பல்பைப் போட்டுக்கொள்ளலாம். படம் கொஞ்சம் மங்கும், ஆனால் வாய்க்கோணல் தெரியும். அசைவு எச்சரிக்கையை அடியோடு நிறுத்திவிட்டோம். ஒலியை மட்டும் இரவு முழுக்கத் திறந்து வைத்தோம். ரோலாண்டிக் வலிப்பில் முதலில் காதுக்கு எட்டுவது அந்தக் களகளச் சத்தம். மெத்தை சென்சார் தவறவிட்டதை மைக் பிடித்தது. சத்தத்துக்காக மட்டும் என்றால் குழந்தைகளுக்கான சாதாரண ஆடியோ மானிட்டரே போதும்.

கேமராவின் உண்மையான மதிப்பு மருத்துவரின் அறையில்தான் விளங்கியது. வலிப்பின் தொடக்கத்தை எந்தப் பெற்றோரும் பார்ப்பதில்லை. சத்தம் கேட்டு எழுந்து, விளக்கைப் போட்டு, பிள்ளையிடம் போய்ச் சேரும்போது நடுப்பகுதிதான் கண்ணில் படும். அப்போது உடம்பு முழுவதும் வெட்டிக்கொண்டிருக்கும், அதைத்தான் டாக்டரிடம் சொல்வோம். கேமராவில் அதற்கு முந்தைய அரை நிமிடம் இருந்தது. இடது வாயோரம் மட்டும் துடிக்கிறது, எச்சில் தலையணையில் இறங்குகிறது, கண் திறந்திருக்கிறது. பிறகு இடது கை, அதன் பிறகுதான் முழு உடம்பு. ஒரு பக்கத்தில் தொடங்கிப் பரவும் வலிப்பா, முதலிலேயே முழு உடம்பிலும் வருவதா என்பதைப் பொறுத்து மருந்துத் தேர்வே மாறலாம். இ.இ.ஜி.யில் இந்த வகைக்குரிய கூர்முனை அலைகள் தூக்கத்தில்தான் நன்றாகக் கூடும். அதனால்தான் முதல் நாள் இரவு பிள்ளையைத் தூங்கவிடாமல் வைத்திருந்து அழைத்துவரச் சொல்கிறார்கள். அந்தப் பதிவோடு வீட்டு வீடியோவையும் சேர்த்துப் பார்த்தபோது மருத்துவருக்குச் சந்தேகம் மிச்சமிருக்கவில்லை.

பிள்ளை படுக்கும் இடத்தில் கேமரா வைப்பது சின்ன விஷயமும் இல்லை. வீடியோவை நிறுவனத்தின் கிளவுடுக்கு அனுப்பும் வசதியை நிறுத்திவிட்டு மெமரி கார்டில் மட்டும் பதியவிட்டோம். கேமராவோடு வந்த கடவுச்சொல்லை அன்றே மாற்றினோம். லென்ஸ் படுக்கையைத் தவிர வேறெதையும் பார்க்காது. காலையில் எழுந்ததும் அவளே ஒரு துணியுறையை எடுத்து அதன்மேல் மாட்டுகிறாள். அது அவள் கேட்டுப் பெற்ற உரிமை; எட்டு வயதுக்கு அது நியாயமான கோரிக்கை என்று நினைக்கிறேன்.

போனை நம்பும் எந்தக் கருவிக்கும் ஓர் எச்சரிக்கை. ஆண்ட்ராய்டு போன்கள் பேட்டரியை மிச்சப்படுத்த, பின்னணியில் ஓடும் செயலிகளை இரவில் நிறுத்திவிடும். அமைப்புகளில் அந்தச் செயலிக்கு மட்டும் பேட்டரிக் கட்டுப்பாட்டை நீக்குங்கள். ‘தொந்தரவு செய்யாதே’ நிலையிலும் ஒலிக்க அனுமதி கொடுங்கள். ரவுட்டருக்கு ஒரு சின்ன யு.பி.எஸ். அவசியம். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தாலும் ரவுட்டர் செருகியிருக்கும் பிளக் அந்த இணைப்பில் இருக்கிறதா என்று பாருங்கள். பல வீடுகளில் இருக்காது.

பதின்வயதில் வரும் ஜே.எம்.இ. என்ற வகைக்கு இந்த மூன்றாலும் பெரிய உதவி இல்லை. அதில் காலையில் எழுந்த கொஞ்ச நேரத்தில் தோளும் கையும் வெட்டென்று துள்ளும். காபி டம்ளர் நழுவும், டூத் பிரஷ் பறக்கும். கவனக்குறைவு என்று வீட்டில் திட்டு விழும். ஒரு நொடித் துள்ளலைப் பட்டை கணக்கிலெடுக்காது, பிள்ளை படுக்கையை விட்டு எழுந்துவிட்டதால் மற்ற இரண்டும் பார்க்காது. தூக்கம் கெட்ட மறுநாள் காலையில் இது கூடுவதால், பரீட்சைக்குக் கண்விழிக்க வைக்காமல் இருப்பது அங்கே இந்தக் கருவிகளைவிட உதவும்.

பெற்றோர் வாய்விட்டுக் கேட்கப் பயப்படும் கேள்வியும் ஒன்று உண்டு: தூக்கத்திலேயே உயிருக்கு ஆபத்து வந்துவிடுமா? அமெரிக்க நரம்பியல் அகாடமியின் 2017 வழிகாட்டுதல், வலிப்பு நோயுள்ள குழந்தைகளில் ஆண்டுக்கு 4,500 பேரில் ஒருவருக்கு அப்படித் திடீர் மரணம் நேர்வதாகக் கணக்கிடுகிறது. பெரிய வலிப்பு அடிக்கடி வருகிறவர்களுக்கு ஆபத்து கூடுதல். ரோலாண்டிக் வகையில் மிக மிக அரிது. எந்தக் கருவியும் இந்த மரணத்தைத் தடுக்கும் என்று நிரூபிக்கப்படவில்லை. மாத்திரையை ஒரு வேளையும் விடாமல் கொடுப்பதும், பெரிய வலிப்பு வரும் பிள்ளையின் அருகில் இரவில் ஆள் இருப்பதும்தான் இன்று கையில் உள்ள பாதுகாப்பு. அந்த வகையில் எங்கள் அத்தை எந்தச் சென்சாருக்கும் குறைந்தவர் இல்லை.

மணி அடித்த பிறகு செய்ய வேண்டியது நம் கையில். பிள்ளையை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாய்க்குள் எதையும் வைக்காதீர்கள், கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினால், மருத்துவர் எழுதிக் கொடுத்திருக்கும் மிடசோலம் மூக்கு ஸ்ப்ரேயை அவர் சொன்ன அளவில் அடித்துவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும். ஸ்ப்ரே எங்கே இருக்கிறது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்கட்டும்.

ஒற்றை மெத்தையும் பெரிய வலிப்பும் என்றால் மெத்தை சென்சார் வாங்கலாம். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் நான் கேமராவைச் சொல்வேன். அதன் மெமரி கார்டு நிறைந்ததும் பழைய பதிவின் மேலேயே புதியது ஏறும். எங்கள் கார்டில் சில நாள் பதிவுதான் தங்குகிறது. வலிப்பு வந்த இரவு விடிந்ததும் அந்தப் பகுதியை வெட்டிப் போனில் சேமித்துவிடுங்கள். கூடவே பிள்ளை எத்தனை மணிக்குத் தூங்கியது, மாத்திரை எப்போது போட்டது, காய்ச்சல் சளி இருந்ததா என்று ஒரு வரி எழுதி வையுங்கள். அடுத்த முறை டாக்டர் முதலில் கேட்பது இந்த மூன்றையும்தான்.