கொடைக்கானலின் லோடு ஆவரேஜ்

லினக்ஸ் கம்ப்யூட்டரில் 'அப்டைம்' என்று தட்டிப் பாருங்கள். கடைசியில் 4.00, 3.20, 1.10 என்பதுபோல் மூன்று எண்கள் வரும். லோடு ஆவரேஜ். கடந்த 1, 5, 15 நிமிடங்களில் சராசரியாக எத்தனை வேலைகள் ஓடிக்கொண்டோ, முறை வரக் காத்துக்கொண்டோ இருந்தன என்ற கணக்கு.

4 என்றால் பயப்படணுமா? உள்ளே எத்தனை 'கோர்' என்று தெரியாமல் சொல்ல முடியாது. ஒரே கோர் என்றால் ஒருத்தர் உள்ளே, மூணு பேர் க்யூவில். நாலு என்றால் எல்லாருக்கும் இடம் உண்டு. எட்டு என்றால் பாதி மெஷின் சும்மா இருக்கிறது.

இந்தக் கணக்கோடு கொடைக்கானல் போகலாம். சென்னை உயர்நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் அங்கே இ-பாஸ். 2025 மார்ச்சில் கோர்ட் ஒரு வரம்பும் போட்டது. ஏப்ரல் முதல் ஜூன் வரை வார நாட்களில் தினம் 4,000 வண்டி, வார இறுதியில் 6,000. உள்ளூர்க்காரர்களுக்கும் அரசு பஸ்ஸுக்கும் விலக்கு. மலை எத்தனை தாங்கும் என்று ஆராயும் பொறுப்பு சென்னை ஐ.ஐ.டி.க்கும் பெங்களூரு ஐ.ஐ.எம்.முக்கும் போனது. அதாவது, கோர்களை எண்ணும் வேலை.

நல்ல காரியம்தான். என் குறை வேறு. இந்த வரம்பு எண்ணுவது மலை ஏறும் வண்டியை. மலையில் இருக்கும் வண்டியை அல்ல. தினம் 4,000 வண்டி வந்து சாயங்காலமே இறங்கிவிட்டால் ராத்திரி மலை காலி. ஒவ்வொன்றும் இரண்டு நாள் தங்கினால் எந்நேரமும் மேலே 8,000. அதே பாஸ், அதே வரம்பு. பாரம் மட்டும் வேறு.

இன்னொன்று. லினக்ஸ் 1993லிருந்து, டிஸ்க்குக்காகக் காத்திருக்கும் வேலைகளையும் லோடில் சேர்க்கிறது. அதனால் ப்ராசஸர் ஈ ஓட்டிக்கொண்டிருக்கும்போதே லோடு 20 காட்டலாம். அப்போது கோரைக் கூட்டி என்ன லாபம்? அதே மாதிரி, ஏரிக்கரையில் வண்டி நிறுத்த இடமில்லை என்றால் வத்தலகுண்டு ரோட்டை எத்தனை அகலப்படுத்தினாலும் க்யூ குறையாது. இடம் மாறும், அவ்வளவுதான். குடிதண்ணீரும் குப்பை வண்டியும் அப்படியே. எது முதலில் தீர்கிறதோ, அதுதான் மலையின் அளவு.

செய்யக்கூடியது சுலபம். மலைக்கு வத்தலகுண்டு, பழனி என்று இரண்டு பிரதான வழிகள். ஏறும் வண்டியோடு இறங்கும் வண்டியையும் எண்ணி, 'இந்த நிமிஷம் மேலே இத்தனை' என்று அடிவாரத்தில் ஒரு போர்டு வைத்தால் போதும். அதைப் பார்த்துவிட்டு நீங்களே வண்டியைத் திருப்புவீர்கள், கோர்ட் சொல்லாமலே.