ஒரு மிஷினுக்கு ஒரு வீல்

குறிச்சியிலோ கணபதியிலோ ஆவாரம்பாளையத்திலோ புதிதாகப் பட்டறை போடுகிறவர் முதலில் வாங்குவது இரண்டு: வெல்டிங் மிஷின், ஏஜி ஃபோர். லேத் வாங்க பாங்கு வாசலில் நிற்க வேண்டும். ஏஜி ஃபோருக்கு மூவாயிரம் ரூபாய்க்குள் போதும். நான்கு அங்குல வீல் மாட்டும் இந்தக் கை கிரைண்டர் இல்லாமல் கொங்கு நாட்டில் இரும்பு வேலை ஒரு நாள்கூட ஓடாது. அரசூர்ப் பக்கத்து ஃபவுண்டரியில் பம்ப் வார்ப்பின் பிசிறை எடுப்பதும் இதுதான், கரூரில் பஸ் பாடிக்குச் சதுர பைப் அறுப்பதும் இதுதான். திருச்செங்கோட்டில் போர்வெல் ரிக் வண்டியில் விரிசல் விட்ட வெல்டிங்கைத் தோண்டி எடுக்கவும், திருமுருகன்பூண்டியில் உளி வைப்பதற்கு முன் கல்லின் வேண்டாத பாகத்தைக் கழிக்கவும் இதே மிஷின் வேண்டும். இத்தனைக்கும் ஒன்றே போதும் என்பதுதான் அதன் பெருமை. அதன் கேடும் அங்கிருந்தே கிளம்புகிறது என்பது என் கணிப்பு.

முதலில் பெருமையைச் சொல்லிவிட வேண்டும். ஜெர்மனியின் ஆக்கர்மன் ஷ்மிட் நிறுவனம் 1954இல் வேகமாகச் சுழலும் கை கிரைண்டரைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதன்பின் உலகெங்கும் உலோக வேலையின் நடை மாறியது. அதற்கு முன் ஒரு சதுர பைப்பை அறுப்பதென்றால் வைஸில் கட்டி ஹாக்ஸா பிளேடால் இழுக்க வேண்டும்; முனையை அரத்தால் ராவ வேண்டும். இன்று ஒரு மில்லிமீட்டர் கனமுள்ள கட்டிங் வீல் அதே பைப்பை அரை நிமிடத்துக்குள் துண்டாக்கிவிடுகிறது. கோவையின் பொருளாதாரத்துக்கு இது சின்ன விஷயமில்லை. பம்பு, மோட்டார், மில் இயந்திரம் எல்லாமே பாதிக்கு மேல் ஜாப் ஒர்க் பட்டறைகளை நம்பித்தான் உருவாகின்றன. கணவனும் மனைவியும் ஒரு ஹெல்ப்பரும் மட்டுமே உள்ள பட்டறை, பெரிய அறுப்பு மிஷினும் மில்லிங்கும் இல்லாமலே ஒரு ஆர்டரை முடித்துக் கொடுக்க முடிகிறதென்றால் அதற்குக் காரணம் இந்தக் கருவி. காட்டில் போர்வெல் கேஸிங் பைப் அறுக்க வேண்டி வந்தாலும், கலப்பைக் கொழு உடைந்தாலும், ஜெனரேட்டரைத் தூக்கிப்போய் வயலிலேயே வேலையை முடிக்கலாம். மழைக்கு முன் உழவு முடிய வேண்டும் என்று தவிக்கும் விவசாயிக்கு அந்த அரை நாள் மிச்சம் பெரிது.

இனி அதன் வேகம். நான்கு அங்குல மிஷின் நிமிடத்துக்குச் சுமார் 11,000 சுற்று சுற்றும். அப்போது வீலின் ஓரம் நொடிக்கு ஏறக்குறைய 58 மீட்டர் ஓடுகிறது. மணிக்கு 200 கிலோமீட்டருக்கும் மேல். வலையிழை வைத்து ரெசினால் வார்த்த வீல்களுக்குப் பொதுவாக வைத்திருக்கும் உச்சவரம்பு நொடிக்கு 80 மீட்டர். அதனால்தான் ஏழு அங்குல வீலின் மேல் சுமார் 8,500 சுற்று என்று அச்சிட்டிருக்கிறார்கள். ஏழு அங்குல மிஷினும் அதற்குத் தக்கபடி மெதுவாகவே சுற்றும். அந்த வீலைச் சின்ன மிஷினில் மாட்டினால் ஓரத்தின் வேகம் 104 மீட்டரைத் தொட்டுவிடும். வீலைப் பிய்த்தெறியப் பார்க்கும் விசை வேகத்தின் வர்க்கத்தோடு ஏறுவது. ஆகவே அது உச்சவரம்பில் இருப்பதைப்போல ஒன்றரை மடங்குக்கும் அதிகம்.

புது ஏழு அங்குல வீலைச் சின்ன மிஷினில் மாட்டுகிறவர் அரிதுதான். தேய்ந்துபோன பெரிய வீலை வீணாக்க மனமில்லாமல் மாட்டுகிறவர்கள் நிறையப் பேர். சிக்கனம் இந்த மண்ணின் குணம், அதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் பெரிய வீலின் துளை 22 மில்லிமீட்டர், சின்ன வீலுக்கு 16. நடுவில் வாஷரைச் செருகி இறுக்கிய வீல் மையத்தில் உட்காராது. கையில் அதிர்வு தெரியும். ஓட்டுகிறவர் அதை பேரிங் தேய்மானம் என்று நினைத்துக்கொள்வார். அப்படி ஆடும் வீல் தெறிக்கும்போது தடுக்க நடுவில் கார்டு இருக்காது, ஏனென்றால் பெரிய வீல் உள்ளே போவதற்காகக் கார்டை முன்பே கழற்றியிருப்பார்கள்.

கார்டு விஷயத்தில் சற்று நிற்க வேண்டும். பட்டறைக்காரர்களை அசட்டையானவர்கள் என்று ஏசிவிட்டுப் போவது எளிது. ஒரு இரும்பு கேட்டின் மூலையைப் பாருங்கள். இரண்டு பைப் செங்கோணத்தில் சேரும் உள்பக்கத்தில் வெல்டிங் மேடாக நிற்கும். அதை ராவி மட்டமாக்க வீலின் ஓரம் மூலைக்குள் நுழைய வேண்டும். கார்டு முதலில் பைப்பில் முட்டிக்கொள்கிறது. திருப்பிப் பார்த்தால் கைப்பிடி இடிக்கும். பட்டறையில் கேட்டால் வரும் பதில் ஒன்றுதான்: "கார்டு இருந்தா மூலைக்குள்ள போகாதுங்." அவர் சொல்வது உண்மை. அந்த மூலைக்கு ஏற்றது விரல்போல நீண்ட டை கிரைண்டரோ, ஒல்லியான பெல்ட் சாண்டரோ. அது பட்டறையில் இல்லை. ஆகவே கார்டு கழல்கிறது. மூலை முடிந்ததும் அதே மிஷினில் கட்டிங் வீல் ஏறுகிறது. கார்டு திரும்பி ஏறுவதில்லை. கேட்டுக்கு இவ்வளவு என்று பேசிவிட்ட கூலியில், ஸ்பேனரைத் தேடி எடுத்து வீலையும் கார்டையும் மாற்றும் நேரத்துக்குப் பைசா கிடையாது.

அடிபடுவது பெரும்பாலும் அறுக்கும்போதுதான். இரண்டு முனையும் ஸ்டூலில் கிடக்கும் பைப்பை நடுவில் அறுத்தால், அறுபட்ட இடம் தொய்ந்து வாய் மூடுகிறது. வீல் அதில் சிக்கும். மிஷின் அறுக்கிறவரின் முகத்தையோ தொடையையோ நோக்கித் துள்ளும். ஒரு முனையை வெளியே தொங்கவிட்டு அறுத்தால் வாய் தானாக விரிந்து கொடுக்கும். பழகிய கைகளுக்கு இது தெரியும். ஆனால் புதிதாகச் சேரும் பையன்களுக்கு இதை யாரும் உட்காரவைத்துச் சொல்லித்தருவதில்லை, பார்த்துப் பழகு என்பதுதான் பாடம். இன்று ஃபவுண்டரியில் பிசிறு எடுக்கும் ஃபெட்லிங் வேலையில் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள் பலர். வீலின் மேல் ஆங்கிலத்தில் அச்சிட்ட எச்சரிக்கையும் சுவரில் தமிழில் ஒட்டிய அறிவிப்பும் அவர்களுக்கு ஒரே அளவுதான் புரியும். சுவிட்சும் ஒரு காரணம். நம் ஊரில் அதிகம் விற்கும் மலிவு மிஷின்களில் தள்ளினால் பூட்டிக்கொள்ளும் சுவிட்ச். கை நழுவினாலும் மிஷின் ஓடிக்கொண்டே இருக்கும். அழுத்திப் பிடித்தால் மட்டும் ஓடும் வகையும் கடையில் கிடைக்கிறது, விலை கொஞ்சம் கூட.

மரம் அறுக்கும் பல் பிளேடை ஏஜி ஃபோரில் மாட்டுவதை மட்டும் நான் எந்த நியாயத்தாலும் ஏற்க மாட்டேன். ராவும் வீல் மரத்தில் சிக்கினால் உரசி நிற்கும். பல் பிளேடு மரத்தைக் கவ்வி ஏறும். ஒரு கையால் பிடிக்கும் மிஷினில், இந்த வேகத்தில், அதைத் தடுத்து நிறுத்த எந்தக் கைக்கும் வலுவில்லை. தென்னை மட்டை வெட்ட, பந்தல் கால் சீவ என்று தோட்டங்களில்கூட இது பரவியிருப்பது வேதனை.

உடம்பில் படும் காயம் கண்ணுக்குத் தெரிகிறது. வேலையில் படும் காயம் தெரிவதில்லை. வெல்டிங் பீடை வழவழவென்று ராவி, மேலே பட்டி பூசி, பெயின்ட் அடித்துவிட்டால் ஜாயின்ட் எங்கே என்றே தெரியாது. வாடிக்கையாளருக்கு மகிழ்ச்சி. ஆனால் மூலை ஜாயின்ட்டின் பலம் முழுக்க அந்தப் பீடின் கனத்தில்தான் இருக்கிறது. ராவ ராவ அது மெலிகிறது. ஒழுங்காக உள்ளிறங்காத வெல்டிங்காக இருந்தால், மிச்சமிருந்த ஆதாரமும் போய்விடும். வீட்டு கேட்டில் இதனால் பெரிய ஆபத்தில்லை. பஸ்ஸின் கூண்டிலும் ரிக் வண்டியின் மாஸ்டிலும் அப்படிச் சொல்ல முடியாது. பஸ் பாடிக்கு ஏஐஎஸ் 052 என்ற விதித்தொகுப்பு வந்தபின் பெரிய பட்டறைகள் கவனமாகிவிட்டன. ஆயினும் இடைவெளி விட்டு அறுத்த பைப்பை ராடால் நிரப்பி, கிரைண்டரால் மூடிவிடும் பழக்கம் சின்ன ரிப்பேர் வேலைகளில் அப்படியே இருக்கிறது. நல்ல வெல்டரின் பீடு ராவப்படாமலே அழகாக இருக்கும்.

ஃபவுண்டரியிலும் இதே கதைதான். மோல்டின் இரண்டு பாதியும் சரியாக உட்காரவில்லை என்றால் வார்ப்பில் பிசிறு கனமாக வரும். பேட்டர்ன் தேய்ந்திருந்தாலும் வரும். சரிசெய்ய வேண்டியது பேட்டர்னை. செய்வதோ ஃபெட்லிங்கில் இன்னும் இரண்டு ஆளைப் போடுவது. ஒரு ஃபவுண்டரியின் தரத்தை அறிய அதன் உலையைவிட ஃபெட்லிங் தரையில் குவிந்துகிடக்கும் தேய்ந்த வீல்களைப் பார்ப்பது மேல் என்று எனக்குத் தோன்றும்.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் தவறு இன்னும் நுட்பமானது. ஓட்டல் சமையலறை மேஜையும் மாடிப்படிக் கைப்பிடியும் ஆறு மாதத்தில் புள்ளி புள்ளியாகத் துருப்பிடித்தால், பைப் டூப்ளிகேட் என்று கடைக்காரர்மேல் பழி விழும். பல நேரம் குற்றவாளி வீல்தான். சாதா இரும்பை ராவிய அதே வீலை எஸ்.எஸ்.மேல் வைத்தால் இரும்புத் துகள் அதில் பதிந்துவிடும். துருப்பிடிப்பது அந்தத் துகள். ஓரிடத்திலேயே அழுத்திப் பிடித்தால் உலோகம் நீலம் பூக்கும். அந்த இடத்தில் காப்புப் படலம் கெட்டுவிட்டது என்பதற்கு அந்த நிறம் அடையாளம். அரிவாளைத் தீட்டும்போதும் இதையே பார்க்கலாம். கொல்லர் உலையில் சூடேற்றித் தோய்த்துக் கொடுத்த பதம், முனை நீலமான நொடியில் போய்விடுகிறது. அன்று பளபளவென்று வெட்டும் அரிவாள் இரண்டாம் நாள் மழுங்கும்.

எல்லாவற்றிலும் என்னை அதிகம் வருத்துவது கல். அவிநாசி–திருப்பூர் சாலையில் திருமுருகன்பூண்டியைக் கடந்தவர்களுக்கு அந்தச் சிற்பக்கூடங்கள் தெரியும்; கோயில்களுக்கான சிலைகள் சாலையோரத்திலேயே உருவாகி நிற்கும். முன்பு பெரிய உளியும் சுத்தியலும் நாள்கணக்கில் கழித்த கல்லை, இன்று டைமண்ட் பிளேடு மாட்டிய கிரைண்டர் சில மணி நேரத்தில் கழிக்கிறது. இணை இணையாகக் கீறிவிட்டு, இடையில் நிற்கும் பட்டைகளைத் தட்டி உதிர்ப்பார்கள். முகமும் விரலும் நகையும் மட்டும் இன்னும் உளிக்கே உரியவை. இது கலையைக் கெடுத்துவிட்டது என்று நான் நினைக்கவில்லை. ஸ்தபதியின் தோளுக்கும் முதுகுக்கும் மிச்சமான உழைப்பு முகத்தில் செலவாகிறதென்றால் நல்லதுதான். கெட்டது புழுதி. உளி தெறித்த சில்லு பெரும்பாலும் காலடியில் விழும். பிளேடு அரைத்த தூளில் கண்ணுக்குத் தெரியாத சிலிக்கா மிதந்துகொண்டே இருக்கும், நுரையீரலின் அடிவரை போகும், திரும்பி வராது. கிரானைட்டில் கால் பங்குக்கும் மேல் குவார்ட்ஸ் இருக்கக்கூடும். மூக்கைச் சுற்றிக் கட்டிய துண்டு பெரிய தூசியை மட்டுமே தடுக்கும். இதனால் வரும் சிலிகோசிஸ் நோய்க்கு இன்றுவரை குணமாக்கும் மருந்து இல்லை.

கோவையின் புது அபார்ட்மென்ட்களில் சமையல் மேடையில் பதிக்கப்படும் குவார்ட்ஸ் பலகைகள் இதைவிட மோசம். பலவற்றில் 90 சதவீதத்துக்கும் மேல் சிலிக்கா. இளம் வயதுத் தொழிலாளர்கள் நுரையீரல் கெட்டு விழுந்ததைப் பார்த்து, ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் அந்தப் பலகைக்கே தடை போட்டது. இங்கே அதை வீட்டுக்குள்ளேயே, ஜன்னலைச் சாத்திக்கொண்டு, சிங்க் துளைக்காகத் தண்ணீர் விடாமல் அறுக்கிறார்கள்.

சட்டம் இதையெல்லாம் அறியாமலில்லை. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் 30ஆம் பிரிவில், ராவும் கல்லின் பாதுகாப்பான வேகத்தை மிஷின் அருகே எழுதிவைக்கச் சொன்னது. 35ஆம் பிரிவில் கண்ணைக் காக்கும் கண்ணாடி அல்லது தடுப்பைக் கட்டாயமாக்கியது. அதன் மூன்றாம் அட்டவணை சிலிகோசிஸை அறிவிக்க வேண்டிய நோயாகப் பட்டியலிட்டது. ஆனால் மின்சாரத்தோடு 10 பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடம் அந்தச் சட்டத்தின் வரையறைப்படி தொழிற்சாலையே ஆகவில்லை. ஏஜி ஃபோர் அதிகம் ஓடுவதோ அந்த இடங்களில்தான்.

ஆகவே பட்டறைக்காரரின் கையில் என்ன இருக்கிறது என்று பார்ப்பதே உருப்படியான வழி. அனுபவமுள்ள சில ஃபேப்ரிகேஷன் பட்டறைகளில் மூன்று ஏஜி ஃபோர் வரிசையாகத் தொங்கும். ஒன்றில் கட்டிங் வீல் மட்டும், ஒன்றில் கிரைண்டிங் வீல் மட்டும், ஒன்றில் ஃபிளாப் வீல். எஸ்.எஸ். வேலை உண்டென்றால் அதற்கு நான்காவது ஒன்று, வேறு நிறச் சாயம் பூசி. வீல் மாற்றும் வேலையே குறைவதால் அறுக்கும் மிஷினின் கார்டைக் கழற்றவும் காரணமில்லை. நேரம் மிச்சம், ஆர்மேச்சருக்கும் ஆயுள் கூடும். ஒன்பதாயிரம் ரூபாயில் முடியும் காரியம் இது. நான் பார்த்தவரை அறிவுரையைவிட இந்த ஏற்பாடே கார்டை அதன் இடத்தில் நிறுத்துகிறது.

கல்லுக்கு இது போதாது. அங்கே தண்ணீர் தெளித்தபடி அறுக்கும் காற்றழுத்தக் கிரைண்டரோ, தூளை உறிஞ்சும் கவசமோ, சரியான மாஸ்க்கோ வேண்டும். அவற்றின் செலவைச் சிற்பக்கூடம் தனியே தாங்காது. சிலை கேட்கும் திருப்பணிக் கமிட்டி ரேட்டில் சேர்த்துக் கொடுக்க வேண்டும். ஃபெட்லிங்கிலும் கூலியைக் கிலோ கணக்கிலோ பீஸ் கணக்கிலோ பேசும்வரை, கார்டும் கண்ணாடியும் தொழிலாளியின் நேரத்தைத் தின்னும் பொருளாகவே இருக்கும். வார்ப்பை வாங்கும் பம்ப் கம்பெனியின் இன்ஸ்பெக்டர் ஃபவுண்டரிக்கு வந்து அளவைப் பார்க்கிறார், கடினத்தைப் பார்க்கிறார், பெயின்ட்டைக்கூடப் பார்க்கிறார். ஃபெட்லிங் ஷெட் அவர் நடந்துபோகும் வழியில்தான் இருக்கிறது. அங்கே எத்தனை மிஷினில் கார்டு இருக்கிறது என்றும் அவர் ரிப்போர்ட்டில் ஒரு கட்டம் சேர்த்துக்கொள்ளலாம்.