மழலையர் இசைப் பயிற்சியில் சொல்லும் சுரமும்: திலக் நகர் வகுப்பொன்றை முன்வைத்து

மழலையர்க்கு இசையின் அடிப்படைத் திறன்களைக் கற்பித்தல் பற்றித் தமிழில் எழுதப்படுவன பெரும்பாலும் பாடல்களின் பொருளையும் அவை புகட்டும் நீதியையும் பற்றியனவாகவே உள்ளன. ஆசிரியர் எச்சொல்லால் ஆணையிடுகிறார், அச்சொல் ஐந்து வயதுக் குழந்தையின் காதில் என்ன பொருளாகச் சென்று சேர்கிறது என்னும் வினா எழுப்பப்படுவது அரிது. இவ்வினா இசையாசிரியர்க்கு மட்டும் உரியதன்று. கலைச்சொல்லாக்கத்திலும் மொழிபெயர்ப்பிலும் ஈடுபட்டோர்க்கும் உரியது. பல மொழிகள் ஒரே தெருவில் வழங்கும் மும்பை போன்ற நகரில் இதன் கூர்மை நன்கு புலப்படுகிறது.

செம்பூரை அடுத்த திலக் நகர், வீட்டுவசதி வாரியம் அமைத்த குடியிருப்பாகத் தோன்றி வளர்ந்த பகுதி. வீட்டில் தமிழும், தெருவில் மராத்தியும் இந்தியும், பள்ளியில் பெரும்பாலும் ஆங்கிலமும் என வாழும் குழந்தைகளை இங்கு எளிதிற் காணலாம். இப்பகுதியில், ஒரு கட்டடத்தின் தரைத்தளத்தில், மாலை வேளையில் நான்கு முதல் ஆறு வயது வரையுள்ள குழந்தைகளுக்கு நடைபெறும் இசை வகுப்பொன்றைச் சில வாரங்கள் அமர்ந்து கவனிக்கும் வாய்ப்பு இக்கட்டுரையாளர்க்குக் கிட்டியது. ஆசிரியை நல்ல குரல்வளமும் பொறுமையும் உடையவர். இங்கு எழுதப்படுவது அவர்மீது குறை காணும் நோக்கில் அன்று.

அவ்வகுப்பில் ஒரு சிறுவன். காலையில் மராத்தி வழி மழலையர் பள்ளிக்குச் செல்பவன். அங்கு ஆர்மோனியத்துடன் 'சா ரே க ம' பாடிப் பழகியவன். மாலை வகுப்பில் சரளி வரிசையின் முதல் வரிசையைப் பாடும்போது ரிஷபத்தில் ஒவ்வொரு முறையும் உயர்ந்து நின்றான். 'சுருதி சேரவில்லை' எனப் பலமுறை திருத்தப்பட்டான். அவனுக்குக் 'காது போதாது' என்று தாயாரிடம் கூறப்பட்டது. ஆனால் தம்புராவின் ஒலியோடு ஒப்பிட்டுக் கேட்டபோது அவனது சட்சமமும் பஞ்சமமும் சிறிதும் பிசகவில்லை, ரிஷபமும் பிசகவில்லை. அது வேறொரு ரிஷபம், அவ்வளவே.

இதன் காரணம் இசைநூல் அறிந்தோர்க்குப் புதிதன்று. கருநாடக இசையில் தொடக்கப் பாடம் மாயாமாளவகௌளை. இம்மரபைப் புரந்தரதாசரோடு இணைத்துக் கூறுவர். இந்துஸ்தானி இசையில் இன்று அடிப்படையாகக் கொள்ளப்படுவது பிலாவல் மேளம், அதாவது நம்முடைய சங்கராபரணத்தின் சுர வரிசை. அவ்வமைப்பைப் பத்துத் தாட்டுகளாக வகுத்து நூல்வழி நிலைநாட்டிய விஷ்ணு நாராயண பாத்கண்டே (1860-1936) மும்பைக்காரர். 1904-இல் தென்னகத்தில் பயணம் செய்து எட்டயபுரத்தில் சுப்பராம தீட்சிதரைச் சந்தித்தவர். வேங்கடமகியின் 72 மேள அமைப்பைக் கற்றுணர்ந்தவர். இரு மரபுகளும் 'சுத்த' என்னும் ஒரே அடைமொழியை வழங்குகின்றன. கருநாடக முறையில் சுத்த ரிஷபம் சட்சமத்திற்கு மிக அருகிலுள்ளது. இந்துஸ்தானியில் அதன் பெயர் கோமள ரிஷபம். இந்துஸ்தானியார் சுத்த ரிஷபம் என்பதை நாம் சதுசுருதி ரிஷபம் என்கிறோம். மத்தியமத்தில் மட்டும் இருவரும் ஒரே சுரத்தையே சுத்தம் என்பர். மொழிபெயர்ப்பாளர் அஞ்சவேண்டியது முழுவதும் வேறுபட்ட சொற்களைக் கண்டன்று. ஓரிடத்தில் ஒத்தும் ஓரிடத்தில் முரண்பட்டும் நிற்கும் இத்தகைய சொற்களைக் கண்டே. திலக் நகர்ச் சிறுவன் காலையில் கற்ற சொல்லை மாலையில் சரியாகவே மொழிபெயர்த்தான். அதைப் பிழை என்றது நமது அறியாமை.

எழுத்தின் சிக்கல் இதனோடு சேர்கிறது. தமிழ் எழுத்து ஒலிப்புடை, ஒலிப்பிலா ஒலிகளை வேறுபடுத்துவதில்லை. இடம் நோக்கி ஒலிக்க வேண்டும் என்பது நம் மரபு. மொழிமுதற் ககரம் ஒலிப்பிலா ஒலி. ஆயின் 'ச ரி க ம' என்பதில் தனித்து நிற்கும் ககரம் ஒலிப்புடை ஒலியாகப் பாடப்படுகிறது. கொன்னக்கோலில் இது தலைகீழாகிறது: 'தகதிமி' என்பதன் இடையிலுள்ள ககரத்தைத் தமிழ் இயல்புப்படி மென்மையாக்கிப் படிக்க வேண்டும்; கலைஞரோ அதனை வன்மையாகவே ஒலிக்கிறார். எனவே எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கிய குழந்தை, பள்ளியில் கற்ற விதியை இசை வகுப்பின் இரு பாடங்களிலும் இருமுறை மீற வேண்டியுள்ளது. ஆங்கிலப் பள்ளியில் 'டோ ரே மி' கற்ற குழந்தைக்கு வேறொரு தடை. அங்கே 'சோ' ஐந்தாம் சுரம்; இங்கே 'ச' முதற்சுரம். அங்கே 'மி' மூன்றாவது. இங்கே 'ம' நான்காவது. தமிழ்க் கிறித்தவத் திருச்சபைகளின் பாடகர் குழுவில் இம்முறையைப் பழகிய சிறார்க்கும் இத்தடை உண்டு.

இனி, ஆணைச் சொற்கள். வகுப்பில் மிகுதியாகக் கேட்கப்பட்ட ஆணை 'மெல்லப் பாடு' என்பது. ஒரு முறை ஆசிரியை கருதியது ஒலியின் அளவைக் குறைக்க வேண்டும் என்பதை. குழந்தைகளுள் பாதிப்பேர் காலத்தைத் தாழ்த்தினர். தாளம் குலைந்தது, ஆசிரியை வருந்தினார். தமிழில் 'மெல்ல' விரைவின்மையையும் உரத்தலின்மையையும் ஒருங்கே குறிக்கிறது. 'மெதுவாக' என்பதும் அவ்வாறே. மராத்தியின் 'ஹளூ', இந்தியின் 'தீரே' ஆகியனவும் இவ்விரு பொருளையும் தாங்குகின்றன என்பது நோக்கத்தக்கது. திராவிட மொழி, இந்தோ-ஆரிய மொழி என்னும் எல்லையைக் கடந்த பொருட்பரப்பு இது. ஆங்கிலம் இவற்றுக்குத் தனித்தனிச் சொல் உடையது. ஆங்கில மழலையர் கையேடுகளைத் தமிழாக்குவோர் இரண்டையும் 'மெதுவாக' என்றே எழுதிவிட்டால், மூலத்தில் தனித்தனியாக நின்ற இரு திறன்கள் தமிழில் ஒன்றாகிவிடுகின்றன.

இச்சொல்லின் வேர் மூன்றாவது பொருளுக்கும் செல்கிறது. பழந்தமிழ் இசை மரபு மெலிவு, சமன், வலிவு என மூன்று தானங்களை வகுக்கிறது. மெலிவு என்பது தாழ்ந்த தானம். ஆக, மெல் என்னும் அடியிலிருந்து தாழ்ந்த சுரம், குறைந்த ஒலி, தாழ்ந்த காலம் ஆகிய மூன்றும் கிளைக்கின்றன. மழலையர் கல்வியில் முதற்கண் பிரித்தறியச் செய்ய வேண்டியவை இம்மூன்றுமே என்பது வியப்புக்குரியது. உரத்துப் பாடுதலும் உயர்ந்து பாடுதலும் ஒன்றென மயங்குதல் எல்லா நாட்டுக் குழந்தைகளிடமும் காணப்படுவதே. நம் மொழி அம்மயக்கத்திற்குத் துணைநிற்கிறது. 'உரக்க' என்பதை ஒலியளவிற்கும், 'மேலே, கீழே' என்பவற்றைக் கையசைவோடு சுரத்திற்கும், 'விரைந்து, நிதானமாக' என்பவற்றைக் காலத்திற்கும் ஒதுக்கி, 'மெல்ல' என்பதை வகுப்பறையிலிருந்து சில மாதங்களுக்கு விலக்கிவைப்பதே தக்கது. இது இலக்கணம் அன்று; ஆசிரியரிடையே செய்துகொள்ளும் ஓர் ஒப்பந்தம்.

தமிழ் தளர்ச்சியையே தருகிறது என எண்ணவேண்டா. கால அளவைக் கற்பிப்பதில் அது தரும் வளம் பெரிது. அங்கேரியில் சோல்தான் கொடாய் (1882-1967) வகுத்த நெறி உலகெங்கும் பரவியுள்ளது. தாய்மொழிப் பாடலே இசைக்கல்வியின் தொடக்கம் என்பது அவரது உறுதியான கொள்கை. அந்நெறியில் ஓர் அடிக்கு 'ta' என்றும், அதன் பாதியளவினதான இரண்டிற்கு 'ti-ti' என்றும் குழந்தைகள் ஒலிப்பர். இவ்வசைகள் பிரெஞ்சு மரபிலிருந்து பெற்றவை. இவற்றைத் தமிழில் எழுதுவோர் முதலதனைக் குறிலாக 'த' என எழுதினால், எழுத்து கூறும் மாத்திரை ஒன்றாகவும் பாடும் மாத்திரை இரண்டாகவும் முரண்படும். 'தா', 'திதி' என எழுதினாலோ நெடில் ஒன்றும் குறில் இரண்டும் சமமாகி, யாப்பும் தாளமும் ஒன்றையொன்று தாங்கும். கண்ணிமைப்பையும் கைந்நொடிப்பையும் மாத்திரைக்கு அளவாகக் கூறிய தொல்காப்பியம் மழலையர் வகுப்பிற்கு இத்துணை அருகில் நிற்பதை நாம் எண்ணிப்பார்த்ததில்லை. ஈரடி நீளும் ஒலிக்கு 'தாஅ' எனச் சிலர் எழுதக்கூடும். அஃது அளபெடை நோக்கில் மூன்று மாத்திரையே. நீட்டம் வேண்டுமிடத்து அவ்வளவுடைய எழுத்தைக் கூட்டுக என்னும் இலக்கண நெறிப்படி 'தாஆ' என்பதே பொருந்தும். நான்காகப் பிளவுபடும் அடிக்கு மட்டும் இவ்வொப்புமை உதவாது. நான்கு குறில் நான்கு மாத்திரையாகிவிடும். அங்கே இரண்டாங்காலம் என்னும் கருத்தைக் கொணர்ந்தே ஆகவேண்டும். ஐந்து வயதிற்கு அது மிகை என்பது என் கருத்து.

மீண்டும் சுரத்திற்கு வருவோம். சரளி வரிசை முதல் நாளிலேயே மேற்சட்சமம் வரை ஏறுகிறது. மழலையரின் இயல்பான குரலெல்லை அதனிற் குறுகியது. அதன் ரிஷபத்திற்கும் காந்தாரத்திற்கும் இடையிலுள்ள பெரும் தாவல் வளர்ந்தோர்க்கும் எளிதன்று. குரல் முதிர்ந்த எட்டு அல்லது ஒன்பது வயதினர்க்கு இவ்வரிசையின் பயன் ஐயத்திற்கு அப்பாற்பட்டது. மழலையர்க்கு அதனை அவ்வாறே இறக்கித் தருவதுதான் கேள்விக்குரியது. குரல், துத்தம், கைக்கிளை என்னும் பழம்பெயர்களை மீட்டுக் குழந்தைகட்குத் தருக என்பாரும் உளர். அவை வரலாற்றிற்கு வேண்டியவை. ஓரசையும் பலவசையுமாக விரவிய அப்பெயர்களைச் சுரமாகப் பாட இயலாது.

ஆனால் திவாகர நிகண்டு ஏழிசைக்கு உரிய எழுத்துகளாக ஆ, ஈ, ஊ, ஏ, ஐ, ஓ, ஔ என்னும் ஏழு நெடில்களைத் தருகிறது. இவற்றில் வல்லெழுத்து மயக்கம் இல்லை. வடபுலத்துச் சுரப்பெயரோடும் மேனாட்டுப் பெயரோடும் மோதல் இல்லை. எழுத்து வகுப்பில் குழந்தை ஏற்கெனவே கற்கும் ஒலிகள் இவை. இதனை அவ்வாசிரியையிடம் கூறியபோது முதல் நான்கு நெடில்களை மட்டும் கொண்டு, சங்கராபரணத்தின் கீழ்ப்பகுதியில், ஒரு வாரம் முயன்று பார்த்தார். மேற்குறித்த சிறுவன் நான்கையும் பிசகின்றிப் பாடினான். ஐகாரத்திற்கு வந்தபோது குழந்தைகள் அகரத்தில் தொடங்கி இகரத்தில் முடித்தனர். ஒரே சுரத்திற்குள் நாவு இடம்பெயர, சிலர் சுரத்தையும் உடன் உயர்த்தினர். அவ்வெழுத்தைப் பஞ்சமத்திற்கு வைத்தது எக்காரணம் பற்றி என்பது ஒலியியலாரும் இசையாய்வாளரும் கூடி ஆராயத்தக்கது.