பெயர் ஒன்று, மீன் வேறு
பிரான்சிஸ் டேயின் மீன் நூலும் நம் பெயர்ப் பட்டியல்களும்: ஒரு மதிப்பீடு

வாளை என்பது எந்த மீன்? ஆற்றங்கரை ஊரில் வளர்ந்த வாசகரானால், செதில் இல்லாத, மீசையுள்ள, வாய் கண்ணையும் கடந்து கிழிந்து செல்லும் பெரிய நன்னீர் மீனைச் சொல்வீர்கள். கடற்கரை ஊரினரானால், வெள்ளி நாடாவைப் போல நீண்டு மெலிந்த கடல் மீனைச் சொல்வீர்கள். இருவர் சொல்வதும் சரியே. ஆனால் இவ்விரு மீன்களுக்கும் உறவு ஏதும் இல்லை. முன்னது வல்லாகோ அட்டு என்னும் கெளுத்தி வரிசை மீன். பின்னது டிரைக்கியூரஸ் என்னும் நாடா மீன்.

இவ்வாறு ஒரு பெயர் பல மீன்களுக்கும், பல பெயர்கள் ஒரு மீனுக்கும் வழங்குவது நமக்குப் புதிதன்று. "மக்கள் வழக்கு அப்படித்தான் குழப்பமாக இருக்கும்" என்று சொல்லி விடுகிறோம். குழப்பம் மக்கள் வழக்கிலா, அதை எழுதி வைத்த முறையிலா என்பதே இங்கு நாம் ஆராய வேண்டிய கேள்வி. அதற்கு ஒரு பழைய நூலை எடுத்துக் கொள்வோம்.

பிரான்சிஸ் டே சென்னை மாகாணத்தில் பணியாற்றிய இராணுவ மருத்துவர்; பின்னர் இந்திய மீன்வளத் துறையின் தலைமை ஆய்வாளர் ஆனவர். அவருடைய 'இந்திய மீன்கள்' என்னும் பெருநூல் 1875 முதல் 1878 வரை பகுதி பகுதியாக வெளிவந்தது. 1400க்கும் மேற்பட்ட இனங்கள் அதில் விளக்கப்பட்டுள்ளன. துடுப்புக் கதிர்களின் எண்ணிக்கை, செதில்களின் எண்ணிக்கை, நிறம், வாழிடம் ஆகியவற்றுடன், மக்கள் வழங்கும் பெயர்களையும் டே மொழிவாரியாகக் குறித்தார். ஆட்சியாளர் மொழியில் எழுதிய அறிவியலறிஞர் ஒருவர், மீனவர் சொல்லையும் பதிவுக்குரிய செய்தியாக மதித்தாரே, அது பாராட்டுக்குரியது. அவருக்கு முன் 1822இல் கங்கை மீன்களைப் பற்றி எழுதிய ஹாமில்டன், ரோகு, கட்லா, மாகுர் போன்ற நாட்டுப் பெயர்களை அறிவியற் பெயர்களுக்குள்ளேயே வைத்துவிட்டார் என்பதையும் நினைவிற் கொள்ளுங்கள்.

ஆயினும் டேயின் முறையில் இரண்டு குறைகள் உண்டு.

முதலாவது, எழுத்து. பெயர்கள் யாவும் ஆங்கில எழுத்தில் உள்ளன. நம் ல, ள, ழ மூன்றையும், ர, ற இரண்டையும் அவ்வெழுத்து பிரித்துக் காட்டாது. வாளை என்பதை அவ்வாறு எழுதினால், அதைத் திரும்பத் தமிழாக்குபவர் வாலை என்றும் படிக்கலாம். வாழை என்றும் படிக்கலாம். ஒரு மொழியின் பெயரை அம்மொழியின் எழுத்திலேயே எழுதி வைக்காததால் வந்த இழப்பு இது.

இரண்டாவது, இடம். ஒரு பெயருக்கு எதிரே 'தமிழ்' என்று மட்டும் குறித்தால் போதுமா? தாமிரபரணிக் கரையின் தமிழா, காவிரிப் படுகையின் தமிழா, பழவேற்காட்டுத் தமிழா? மீன் பெயர் என்பது வட்டாரச் சொல். சொல்பவரும் கேட்பவரும் ஒரே குளத்தை அறிந்திருக்கும்போது அது மிகத் துல்லியமாக வேலை செய்யும். ஊரைக் கழற்றிவிட்டுப் பெயரை மட்டும் பட்டியலில் ஏற்றினால், அதன் பொருளில் பாதி கரையிலேயே நின்றுவிடுகிறது.

கெண்டை என்ற சொல்லைப் பாருங்கள். நம் வயல் வாய்க்காலில் துள்ளும் சிறு கெண்டை அறிவியல் கூறும் கெண்டைக் குடும்பத்தைச் சேர்ந்ததே. 1959இல் வெளிநாட்டிலிருந்து கொண்டுவரப்பட்ட புல்கெண்டையும் அக்குடும்பமே. ஆனால் ஜிலேபிக் கெண்டை அப்படியன்று. அது ஆப்பிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட திலாப்பியா. 1952இல் இலங்கையிலிருந்து இந்தியாவுக்கு வந்தது. திலாப்பியா என்ற பெயர் நம் வாயில் ஜிலேபியாகி, உருவத்தைக் கண்டு கெண்டையும் சேர்ந்துகொண்டது. பனையேறிக் கெண்டையும் கெண்டைக் குடும்பம் அன்று. அது செவுளுக்கு மேலுள்ள தனி உறுப்பால் காற்றைச் சுவாசிக்கும் மீன். ஈரத் தரையில் செவுள் மூடியை ஊன்றி நகரக் கூடியது. 1791இல் தரங்கம்பாடியில், பனை மரத்தில் ஏறக்குறைய ஐந்தடி உயரத்தில் இம்மீனைப் பிடித்ததாக டால்டார்ஃப் என்னும் டேனிய அதிகாரி எழுதினார். மரமேறுவது அதன் வழக்கமான செயல் அன்று. ஆயினும் பெயர் நிலைத்துவிட்டது.

இவற்றைக் கொண்டு மீனவருக்கு வகைப்பாடு தெரியாது என்று முடிவு கட்டாதீர்கள். கெண்டை என்பது அவருக்கு ஒரு குடும்பப் பெயர் அன்று. செதிலுள்ள, தட்டையான, ஒருவகை உடலமைப்பின் பெயர். முன்னால் வரும் அடைமொழியே இனத்தைச் சுட்டுகிறது. தாவரவியலும் விலங்கியலும் இரு சொற்களால் பெயரிடும் முறைக்கு இது அதிகத் தொலைவில் இல்லை. அடைமொழியை விட்டுவிட்டு 'கெண்டை' என்று மட்டும் எழுதிக்கொண்டு போவது படித்தவர்களாகிய நாம் செய்யும் பிழை.

அறிவியற் பெயர் மட்டும் குழப்பத்திற்கு அப்பாற்பட்டதா? அதுவும் இல்லை. 1865இல் கொச்சிப் பகுதியிலிருந்து ஒரு விரால் இனத்தை டே விவரித்து, சன்னா டிப்ளோகிராமா என்று இன்று வழங்கும் இனத்திற்குப் பெயர் தந்தார். அது தென்கிழக்கு ஆசியாவின் சன்னா மைக்ரோபெல்ட்டிஸ் என்னும் விராலைப் பெரிதும் ஒத்திருந்ததால், தனி இனம்தானா என்று ஆய்வாளர் பலர் ஐயுற்றனர். 2011இல் உடலமைப்பையும் மரபணுவையும் ஒப்பிட்டு, அது தனி இனமே என்று நிறுவினர். 146 ஆண்டுகள்! மேற்குத் தொடர்ச்சி மலையின் ஆறுகளுக்கே உரிய ஒரு மீன், அத்தனை காலம் வேறொரு நாட்டு மீனின் நிழலில் கிடந்தது.

ஒரு வேறுபாட்டைக் கவனியுங்கள். அறிவியற் பெயரில் பிழை நேர்ந்தால் திருத்த வழி உண்டு. யார், எப்போது, எந்த மாதிரியைக் கண்டு பெயரிட்டார் என்ற பதிவு இருக்கிறது. நம் நாட்டுப் பெயர்ப் பட்டியல்களிலோ அப்பதிவு இல்லை. யாரிடம் கேட்டது, எந்த ஊரில், எந்த மீனைக் காட்டிக் கேட்டது என்று எதுவும் இராது. ஒரு பட்டியலைப் பார்த்து மற்றொன்று, அதைப் பார்த்து வேறொன்று எனப் படியெடுத்தால், பிழையும் கூடவே பயணம் செய்கிறது.

இதனால் யாருக்கு என்ன நட்டம் என்று கேட்கலாம். வட இந்தியச் சந்தைகளில் 'தாய் மாகுர்' என்றொரு மீன் விற்கப்பட்டது. பெயரைக் கேட்டால் தாய்லாந்து நாட்டு மாகுர் என்று தோன்றும். உண்மையில் அது கிளேரியஸ் கேரிபைனஸ் என்னும் ஆப்பிரிக்கக் கெளுத்தி. ஒரு மீட்டருக்கு மேலும் வளர்ந்து, கிடைத்த மீன்களை எல்லாம் தின்னும் இயல்புடையது. 1990களின் தொடக்கத்தில் அனுமதியின்றி நாட்டுக்குள் வந்த அதன் வளர்ப்பை 2000இல் மத்திய அரசு தடை செய்தது. ஆனால் மக்கள் விரும்பி உண்ணும் நம் மாகுரின் பெயர் அதன்மேல் ஒட்டிக்கொண்டிருக்கும் வரை, வாங்குபவர் ஐயுறுவதில்லை. குஞ்சுப் பருவத்தில் இரண்டையும் பிரித்தறிவதும் எளிதன்று. நம் மாகுரோ, பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் பட்டியலில் அழியும் அபாயத்திலுள்ள இனம். இரண்டையும் ஒரே பெயரில் எழுதும் கணக்கில், ஒன்று குறைவதை மற்றொன்று மறைத்துவிடும். சந்தையில் 'மாகுர்' நிறைந்திருக்கும். குளத்தில் மாகுர் இராது.

அப்படியானால் நாட்டுப் பெயர்களை விட்டுவிட்டு இலத்தீன் பெயர்களையே பேசலாமா? அது வேண்டாத வேலை, நடக்கவும் நடக்காது. செய்ய வேண்டியது வேறு. பெயரைத் தமிழ் எழுத்திலேயே, கேட்டபடியே எழுதுங்கள். அருகில் ஊரையும் மாதத்தையும் குறியுங்கள். பின், எண்ணிப் பார்க்கக்கூடிய ஓர் அடையாளத்தைச் சேருங்கள். விராலும் குறவையும் ஒன்றுபோல் தோன்றுகின்றனவா? உடலின் பக்கவாட்டில் ஓடும் கோட்டின் வழியே செதில்களை எண்ணுங்கள். விராலுக்கு 50க்குக் குறையாது. புள்ளிகளுள்ள குறவைக்கு ஏறத்தாழ 40 அளவில் நின்றுவிடும். தேளிக்கும் மாகுருக்கும் ஐயமா? முதுகைப் பாருங்கள். மாகுரின் முதுகுத் துடுப்பு ஏறக்குறைய வால் வரை நீளும். தேளிக்கு அது மிகச் சிறியது. தேளியைக் கையில் எடுக்காமல் பார்ப்பது நல்லது! பக்கத் துடுப்பின் முள் நஞ்சுடையது. தேளைப் போலக் கொட்டும் என்பதை அப்பெயரே எச்சரிக்கிறது.

டே தனி ஒருவராய் ஒரு துணைக்கண்டம் முழுவதும் அலைந்து எழுதினார். ஊர் ஊராகப் பெயரைச் சரிபார்க்க அவரால் இயலவில்லை என்றால் அதைக் குற்றமாகக் கொள்ள முடியாது. ஆனால் ஒவ்வோர் ஊரிலும் பள்ளியும் குளமும் இருக்கிற நாம், அவர் விட்ட இடத்தை இன்னும் வெற்றிடமாகவே வைத்திருப்பதற்கு என்ன காரணம் சொல்வது?