ஏற்றியதைத் திரும்பப் படிக்கும் கருவி

கருப்புத் திரையில் ஐம்பது ஹாஷ் குறிகள் இடமிருந்து வலமாக ஓடி முடிகின்றன. நூறு சதவீதம். அத்தோடு விட்டுவிடாமல் அதே ஐம்பது குறிகள் மறுபடி முதலிலிருந்து ஓடுகின்றன. முதல் ஓட்டத்தில் எழுதியது. இரண்டாவது ஓட்டத்தில் எழுதியதைத் திரும்பப் படித்தது. ஏவிஆர்டியூட் என்ற சின்ன மென்பொருள் ஒரு சிப்புக்குள் புரோகிராமை ஏற்றும் காட்சி இது. எழுதத் தெரிந்த கருவிகள் ஏராளம். எழுதிய கையோடு, அது உள்ளே நின்றதா என்று சிப்பிடமே கேட்டுப் பார்க்கும் கருவியில்தான் ரசிக்க விஷயம் இருக்கிறது என்பது என் கட்சி.

இதைத் தேனி மாவட்டத்தில் உட்கார்ந்து யோசிப்பதற்குக் காரணம் உண்டு. சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி, ராயப்பன்பட்டிப் பக்கம் திராட்சைப் பந்தல்கள். 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய கம்பம் பன்னீர் திராட்சை. சின்னமனூரைச் சுற்றி வாழை. இந்தத் தோட்டத்து மோட்டார் ரூம்களில், ஸ்டார்ட்டருக்குப் பக்கத்தில் இன்னொரு சின்னப் பெட்டியும் தொங்குவதை இப்போது பார்க்கலாம். உள்ளே ஒரு சிம் கார்டு, இரண்டு மூன்று ரிலே, ஒரு மைக்ரோகன்ட்ரோலர். வீட்டிலிருந்து போன் அடித்தால் மோட்டார் ஓடும். மூன்று பேஸில் ஒன்று போனால் நிறுத்தும். கிணற்றில் தண்ணீர் இறங்கி மோட்டார் வெறுமனே சுற்றினால், அது இழுக்கும் கரண்ட் குறைவதை வைத்தே கண்டுபிடித்து நிறுத்தும். ராத்திரி பாம்புக்குப் பயந்து டார்ச்சோடு வரப்பில் நடந்த காலத்தை இந்தப் பெட்டி பாதி ஒழித்துவிட்டது.

பெட்டிக்குள் இருக்கும் புரோகிராமை எழுதியவர் கோயம்புத்தூரிலோ சென்னையிலோ இருப்பார். தேனியில் பழுது பார்ப்பவர் கையில் மூல நிரல் இருக்காது. இருக்க வேண்டிய அவசியமும் இல்லை. கம்பைல் செய்து முடித்த ஒரு ஹெக்ஸ் பைல் வாட்ஸ்அப்பில் வந்து சேரும். பழைய லேப்டாப், கட்டைவிரல் அளவுக்கு ஒரு யூஎஸ்பி புரோகிராமர், ஆறு கம்பி இருந்தால் ஆயிற்று. "கோடு டம்ப் பண்ணியாச்சாண்ணே?" என்று பக்கத்தில் நிற்பவர் கேட்பதற்குள் வேலை முடிந்திருக்கும். எடிட்டர், கம்பைலர், லைப்ரரி என்று நூற்றுக்கணக்கான எம்பியை இறக்கி நிறுவும் பெரிய மென்பொருளுக்கு இங்கே இடமில்லை. ஏற்றுவது ஒன்றுதான் வேலை. அந்த ஒன்றை மட்டும் செய்யும் கருவியே போதும்.

முதலில் அந்த ஹெக்ஸ் பைலை நோட்பேடில் திறந்து பாருங்கள். 1970களில், துளையிட்ட காகித நாடாவில் புரோகிராமைச் சேமித்த காலத்தில், இன்டெல் வகுத்த வடிவம். ஒவ்வொரு வரியும் முக்காற்புள்ளியில் தொடங்கும். அடுத்து, இந்த வரியில் எத்தனை பைட், பிறகு, எந்த முகவரியில் போய் உட்கார வேண்டும், பிறகு, என்ன வகை வரி, பிறகு சரக்கு, கடைசியில் ஒரு சரிபார்ப்பு பைட். வரியின் எல்லா பைட்டுகளையும் கூட்டினால் கடைசி எட்டு பிட்டும் சுழியமாக வரவேண்டும் என்பது கணக்கு. பைலின் இறுதி வரி எப்போதும் ஒன்றேதான்: முக்காற்புள்ளி, ஏழு சுழியம், ஒரு ஒன்று, இரண்டு எஃப். அந்த இரண்டு எஃப் என்பது 255. ஒன்றும் 255ம் சேர்ந்தால் 256. எட்டு பிட்டில் அது சுழியம். முடிந்தது என்று சொல்லும் வரிகூடத் தன் கணக்கைத் தானே ஒப்புவித்துவிட்டுத்தான் போகிறது. அரை நூற்றாண்டாகியும் இந்த வடிவத்தை யாரும் தூக்கிப் போடாததற்கு இந்த ஒழுங்குதான் காரணம்.

ஏவிஆர்டியூட் ஏற்றிக் கொடுப்பது ஏவிஆர் என்ற மைக்ரோகன்ட்ரோலர் வகைக்கு. அந்தச் சிப்பின் வேர் நார்வேயில் இருக்கிறது. ட்ரொண்ட்ஹைம் நகரில் படித்துக்கொண்டிருந்த ஆல்ஃப்-எகில் போகன், வேகார்ட் வோலன் என்ற இரண்டு மாணவர்களின் யோசனை அது. அட்மெல் நிறுவனம் 1990களில் அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. 2016இல் அட்மெல்லை மைக்ரோசிப் வாங்கியது. ஏவிஆர்டியூட்டைத் தொடங்கியவர் பிரையன் டீன். ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளத்தில் தன் தேவைக்காக எழுதியது, பின்னால் பலர் கைபட்டு உலகப் பொதுவாயிற்று. ஆர்டுயினோ மென்பொருளில் அப்லோட் பட்டனை அழுத்தும் கல்லூரி மாணவருக்குத் தெரியாது, ஏவிஆர் சிப் உள்ள ஊனோ போர்டுக்கு உண்மையில் ஏற்றிக் கொடுப்பது திரைக்குப் பின்னால் இருக்கும் இந்தக் கருவிதான் என்று.

அது வேலை செய்யும் முறையில் ஒரு மரியாதை இருக்கிறது. எடுத்தவுடன் எழுதத் தொடங்காது. முதலில் சிப்பிடம் நீ யார் என்று கேட்கும். ஊனோவில் இருக்கும் ஏடிமெகா328பி மூன்று பைட்டில் பதில் சொல்லும்: 1இ, 95, 0எஃப். முதல் பைட் அட்மெல்லின் அடையாளம். இரண்டாவது, 32 கேபி ஃபிளாஷ் கொண்ட குடும்பம். மூன்றாவது, அந்தக் குடும்பத்தில் இன்ன ஆள். கடையில் பெயர் முடிவில் 'பி' இல்லாத 328ஐக் கொடுத்துவிட்டார்கள் என்றால் மூன்றாவது பைட் 14 என்று வரும். கருவி நின்றுவிடும். நீங்கள் சொன்ன சிப் வேறு, இங்கே இருப்பது வேறு என்று சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொள்ளும். பரவாயில்லை, ஏற்று என்று அடம்பிடிக்கவும் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். ஆனால் அதை நீங்களாகக் கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

அடுத்தது அழிப்பு. அழித்த ஃபிளாஷில் எல்லா பைட்டும் எஃப்எஃப். பிறகு 128 பைட் கொண்ட பக்கம் பக்கமாக எழுதும். 32 கேபிக்கு மொத்தம் 256 பக்கம். அதன் பிறகுதான் நான் சொன்ன இரண்டாம் ஓட்டம். பத்திர எழுத்தர் எழுதி முடித்ததை வாசித்துக் காட்டிவிட்டுக் கையெழுத்துக் கேட்பது போல, ஏற்றிய ஒவ்வொரு பைட்டையும் சிப்பிலிருந்து எடுத்து ஹெக்ஸ் பைலோடு ஒப்பிடும். பொருந்தாவிட்டால் பொத்தாம்பொதுவாகப் பிழை என்று புலம்பாது. எந்த முகவரியில், என்ன இருக்க வேண்டிய இடத்தில் என்ன இருக்கிறது என்று சொல்லும். முதல் முகவரியிலேயே 0சி இருக்க வேண்டிய இடத்தில் எஃப்எஃப் என்று வந்தால் தெரிந்தவருக்கு அந்த ஒரு வரி போதும். இந்தச் சிப்பின் புரோகிராம் வழக்கமாக ஒரு தாவல் கட்டளையில் தொடங்கும்; அதன் முதல் பைட் 0சி. எஃப்எஃப் என்றால் அந்த இடம் இன்னும் காலி. பல நேரம் கம்பி தளர்ந்திருக்கும், இல்லையென்றால் சப்ளை பலவீனமாக இருக்கும். எல்லாம் சரியாக முடிந்தால் ஆங்கிலத்தில் ஒரு நன்றி சொல்லிவிட்டு வெளியேறும். இவ்வளவு பணிவான மென்பொருள் நம் கணினியில் வேறு எத்தனை இருக்கிறது?

கம்பம் பள்ளத்தாக்கின் மோட்டார் பெட்டிக்கு இதைவிட நுணுக்கமான விஷயம் ஒன்று உண்டு. எந்தெந்தப் போன் எண்ணிலிருந்து அடித்தால் மோட்டார் ஓட வேண்டும் என்ற பட்டியலை, கரண்ட் போனாலும் மறக்காத இடத்தில்தான் வைக்க வேண்டும். ஏடிமெகா328பியில் அதற்கென 1 கேபி ஈஈப்ராம் இருக்கிறது. யூஎஸ்பி புரோகிராமர் வழியாகச் சிப்பை முழுதாக அழித்தால், சும்மா விட்ட நிலையில், ஈஈப்ராமும் சேர்ந்தே அழியும். புதுப் புரோகிராம் பிரமாதமாக ஏறியிருக்கும். ஒப்பிட்டுப் பார்த்ததும் சரியாக இருக்கும். ஆனால் தோட்டக்காரர் போன் அடித்தால் பெட்டிக்கு அவரை யாரென்றே தெரியாது. விஷயம் தெரிந்தவர் ஏற்றுவதற்கு முன் ஈஈப்ராமைப் படித்து ஒரு பைலில் வைத்துக்கொள்வார். ஏற்றிய பின் திரும்பப் போடுவார். அதைவிட நல்லது, தயாரிக்கும்போதே, சிப்பின் நடத்தையை நிர்ணயிக்கும் ஃபியூஸ் பிட்டுகளில் ஒன்றை மாற்றிவிடுவது. தொழிற்சாலையிலிருந்து வரும்போது டி9 என்றிருக்கும் மேல் ஃபியூஸை டி1 என்று ஆக்கினால் சிப்பை அழித்தாலும் ஈஈப்ராம் பிழைக்கும். ஒரே ஒரு பிட். தோட்டக்காரரை மனதில் வைத்துப் பெட்டி செய்தாரா இல்லையா என்று அந்த ஒரு பிட்டைப் பார்த்துச் சொல்லிவிடலாம்.

ஃபியூஸ் என்றதும் அனுபவசாலிகள் குரலைத் தாழ்த்துவார்கள். புத்தம் புது சிப் உள்ளுக்குள் 8 மெகாஹெர்ட்ஸை எட்டால் வகுத்து 1 மெகாஹெர்ட்ஸில் ஓடும். அதனிடம் அவசரமாகப் பேசினால் பதில் வராது. புரோகிராமர் தரும் துடிப்பு, சிப்பின் வேகத்தில் நாலில் ஒரு பங்குக்குக் கீழே இருக்க வேண்டும். சிப் செத்துவிட்டது என்று எடுத்து வீசுவதற்கு முன் துடிப்பைக் குறைத்துப் பார்ப்பவர்தான் கைதேர்ந்தவர். வெளிக் கிரிஸ்டல் என்று ஃபியூஸை மாற்றிவிட்டுக் கிரிஸ்டலைப் போடாவிட்டாலும் சிப் ஊமையாகும். கிரிஸ்டல் காலில் வெளியிலிருந்து ஒரு துடிப்பைக் கொடுத்தால் பேசத் தொடங்கும். ரீசெட் காலையே முடக்கும் ஃபியூஸைத் தொட்டுவிட்டால் மட்டும் இந்த ஆறு கம்பி உதவாது. 12 வோல்ட் கொடுத்து எழுப்பும் வேறு புரோகிராமர் வேண்டும்.

சரிபார்க்கும் இந்தக் குணம் ஏவிஆரோடு நின்றுவிடவில்லை. குமுளி மலை ஏறினால் கேரளம். திருவனந்தபுரத்தில் சி-டாக் நிறுவனம் வேகா என்ற பெயரில் ரிஸ்க்-வி புராசசர்களை உருவாக்கியிருக்கிறது. சென்னை ஐஐடி 2018இல் சக்தி சிப்பைக் கொண்டுவந்தது போல, இதுவும் நம் நாட்டுச் சரக்கு. வேகா குடும்பத்துத் தேஜஸ்32 சிப்பை வைத்துச் செய்த ஏரீஸ் போர்டில் புரோகிராம் ஏற்றும் விதம் பழைய வாசனை உள்ளவர்களைச் சிரிக்க வைக்கும். போர்டை இணைத்துச் சீரியல் டெர்மினலைத் திறந்தால் 'சி சி சி சி' என்று ஓயாமல் கேட்டுக்கொண்டே இருக்கும். அது எக்ஸ்மோடம். சிகாகோக்காரர் வார்ட் கிறிஸ்டென்சன் 1977இல் எழுதிய நெறிமுறை. அனுப்பத் தொடங்கலாம், ஆனால் சிஆர்சி என்ற சரிபார்ப்புக் கணக்கோடு அனுப்பு என்பதுதான் அந்த 'சி'க்கு அர்த்தம்.

எக்ஸ்மோடம் பொட்டலத்திலும் 128 பைட்தான். அதன் தலையில் பொட்டலத்தின் வரிசை எண். அதை அடுத்து 255இலிருந்து அந்த எண்ணைக் கழித்தால் வருவது. இரண்டையும் கூட்டி 255 வரவில்லை என்றால் எண்ணே கெட்டுப்போயிருக்கிறது என்று வாங்குபவருக்குத் தெரிந்துவிடும். பொட்டலம் சரியாக வந்தால் ஒப்புதல். இல்லையென்றால், திருப்பி அனுப்பு. ஏவிஆர்டியூட் எல்லாவற்றையும் எழுதிவிட்டுக் கடைசியில் ஒப்பிடும்; எக்ஸ்மோடம் போகிற போக்கில் ஒவ்வொரு பொட்டலத்துக்கும் ரசீது கேட்கும். வழி இரண்டு, குணம் ஒன்று. ஏரீஸில் ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: சீரியல் வழியாக ராமுக்குள் ஏற்றியது கரண்ட் போனால் போய்விடும். நிலைக்க வேண்டுமானால் ஃபிளாஷில் எழுதி, ஜம்பரை ஃபிளாஷிலிருந்து தொடங்கும் நிலைக்கு மாற்ற வேண்டும்.

மற்றக் கருவிகளையும் இந்த அளவுகோலால் அளக்கலாம். ஈஎஸ்பி32க்கான ஈஎஸ்பிடூல், ஏற்றிய பிறகு இரண்டு பக்கமும் ஹாஷ் கணக்கிட்டு ஒத்துப்போனதா என்று சொல்கிறது. பாஸ் மார்க்குக்கு மேலே. பால் ஸ்டாஃப்ரெகனின் டீன்சி லோடர் ஒரு சின்ன ஜன்னல். போர்டின் பட்டனை அழுத்தினால் ஏற்றிவிட்டு நகர்கிறது. எளிமையில் அதுவே முதல். 2021இல் வந்த ராஸ்பெர்ரி பை பிகோவில் பைலை இழுத்துப் போட்டால் முடிந்தது. சுகம்தான், ஆனால் உள்ளே என்ன நடந்தது என்று கண்ணுக்குத் தெரியாது. எனக்கு அது கொஞ்சம் ருசி குறைவு.

இந்தச் சரிபார்ப்புக்கும் எல்லை உண்டு. கொடுத்த பைல் அப்படியே உள்ளே போய்ச் சேர்ந்தது என்பதற்கு மட்டுமே அது சாட்சி. புரோகிராமே தப்பென்றால் தப்பை ஒரு பைட் பிசகாமல் ஏற்றிவிட்டு, சரி என்றும் சொல்லும். அதற்கு மேல் எதிர்பார்ப்பது நியாயமில்லை. அந்த ஒரு சாட்சியைக்கூடத் தராத கருவிகள்தான் அதிகம்.

பெட்டி செய்பவர்களுக்கும் பழுது பார்ப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். நேரம் மிச்சம் என்று சரிபார்ப்பைத் தவிர்க்கும் வழியை ஏவிஆர்டியூட்டிலும் வைத்திருக்கிறார்கள். மிச்சமாவது சில விநாடிதான். அதைத் தொடாதீர்கள். எந்த ஹெக்ஸ் பைல், என்ன தேதி, மூன்று ஃபியூஸ் பைட்டும் என்ன என்று ஒரு சீட்டில் எழுதிப் பெட்டியின் மூடிக்கு உள்பக்கம் ஒட்டுங்கள். நாலு வருஷம் கழித்து அதே பெட்டியைத் திறப்பவர் நீங்களாக இல்லாமலும் போகலாம்.